ஃபைபர் கிளாஸ் நெயில் ராப்: புதிதாகப் பழகுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பார்லரில் என்னிடம் பழக வருகிற பெண்கள் முதல் வாரம் கேட்பவை ஒரு விதம். இரண்டாவது வாரம் "அக்கா, மூணு நாளில் பிய்ந்துவிட்டது" என்று போட்டோ அனுப்பிக் கேட்பவை இன்னொரு விதம். இரண்டையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். அவசரமாக இருப்பவர்கள் நகத்தைத் தயார் செய்வது பற்றிய பதிலையாவது முழுதாகப் படித்துவிடுங்கள். இரண்டாவது வாரத்துப் போட்டோக்களில் பெரும்பாலானவற்றுக்கு அங்கேதான் காரணம் இருக்கிறது.

ஃபைபர் கிளாஸ் ராப் என்றால் நகத்தில் கண்ணாடியா ஒட்டுகிறோம்?

ஏறக்குறைய அப்படித்தான். கண்ணாடியை உருக்கி மெல்லிய இழையாக இழுத்து, கொசுவலை போலத் தளர்வாக நெய்த துணி அது. அதை நகத்தின் அளவுக்கு வெட்டி ஒட்டுகிறோம். மேலே ரெசின் என்கிற நீர்த்த பசையை ஊறவிட்டு, ஆக்டிவேட்டரைத் தெளித்து இறுக வைக்கிறோம். பசை மட்டும் இருந்தால் சின்ன அடிக்கே விரிசல் விடும். துணி மட்டும் இருந்தால் வளைந்து கிடக்கும். கம்பி கட்டி கான்கிரீட் போடுவது போல, இரண்டும் சேரும்போதுதான் பலம். கடற்கரையில் நிற்கும் ஃபைபர் படகும் இப்படித்தான் செய்யப்படுகிறது. பசை வேறு, யோசனை ஒன்று.

நெயில் ராப் என்பதை "நகச்சுற்று" என்று எழுதலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். எழுதலாம்தான். ஆனால் நம் ஊரில் நகச்சுற்று என்றால் விரல் வீங்கி, எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டுச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ராப் என்றே இருக்கட்டும்.

பட்டு, லினன் என்றும் ராப் துணி உண்டாமே?

உண்டு. பட்டு மிக மெல்லியது, வழவழப்பாக வரும், பலம் கொஞ்சம் குறைவு. லினன் தடிமன், ரெசின் ஊறினாலும் துணி தெரியும் என்பதால் மேலே நெயில் பாலிஷ் போட்டே ஆகவேண்டும். ஃபைபர் கிளாஸின் நெசவு தளர்வாக இருப்பதால் ரெசின் எளிதாக உள்ளே இறங்கி, துணி கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். பழகுகிறவர்களுக்கு நான் கொடுப்பது இதைத்தான்.

ஆன்லைனில் வாங்கினேன். துணிக்குப் பதில் வெள்ளை முடிக்கற்றை மாதிரி வந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, அது வேறு முறை. நெய்யாத கண்ணாடி இழைகளை நக நுனியில் விசிறி போல விரித்து, பில்டர் ஜெல் தடவி, யூவி அல்லது எல்இடி விளக்கில் காயவைத்து நகத்தை நீட்டுவது. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம். இந்தப் பக்கத்தில் சொல்வது நெய்த துணி, ரெசின், ஆக்டிவேட்டர் முறை; இதற்கு விளக்கு தேவையில்லை. கையில் இருக்கும் கற்றையை ரெசினோடு சேர்த்து முயற்சி செய்ய வேண்டாம், இழைகள் நான்கு பக்கமும் கலைந்து ஒட்டிக்கொள்ளும்.

ஜெல், அக்ரிலிக் எல்லாம் இருக்கும்போது இது எதற்கு?

மெல்லியது, எடை இல்லை, சொந்த நகம் போலவே கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அக்ரிலிக் திரவத்தின் நெடி கிடையாது. கழற்றுவதும் சுலபம். அடிக்கடி உரிந்து உடைகிற மெல்லிய நகத்துக்கு மேல் ஒரு காப்பு மாதிரி போடவும், பாதியில் கிழிந்த நகத்தைக் காப்பாற்றவும் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

அதேசமயம் இரண்டு அங்குல நீளத்தில் கூர்முனை நகம் வேண்டும் என்றால் இது அந்த வேலைக்கு ஆகாது. நகம் விரல் நுனியைத் தாண்டி அரை அங்குலத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் இது. தினமும் மாவு பிசைந்து, பாத்திரம் துலக்குகிற கை என்றால் அதிலும் பாதி போதும்.

இந்த ரெசினும் ஃபெவிக்விக்கும் ஒன்றுதானே? அதையே போட்டால் என்ன?

குடும்பம் ஒன்றுதான், சயனோஅக்ரிலேட். 1942இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மேன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் துப்பாக்கியின் குறிபார்க்கும் பாகத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கண்ணில் பட்ட பொருள் இது. தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறது என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். பசையாகக் கடைக்கு வந்தது 1958இல். பிறகு இதே குடும்பத்தில் வேறொரு வகையைக் காயத்தை மூடும் மருத்துவப் பசையாகவும் செய்தார்கள்.

ஆனால் ஒரே குடும்பம் என்பதற்காக எல்லாம் ஒன்றாகிவிடாது. செருப்பு ஒட்டும் பசை தோலில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி விற்கப்படுவது. காய்ந்தால் மொறுமொறுவென்று இருக்கும், நகம் வளையும்போது அது வளையாது. நகத்துக்கான ரெசினை அந்த வேலைக்காகவே செய்கிறார்கள். பாட்டிலில் நகத்துக்கு என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

பின்பக்கம் பசை உள்ள ஃபைபர் கிளாஸ் துணி, ரெசின், ஆக்டிவேட்டர், 180 மற்றும் 240 எண் ஃபைல், தேய்த்து வழவழப்பாக்கும் பஃபர், கியூட்டிக்கிளை (நகம் தொடங்கும் இடத்திலுள்ள தோல் மடிப்பு) தள்ள ஆரஞ்சுக் குச்சி, சுத்தமான அசிட்டோன், நகத்தை உலர்த்தும் டீஹைட்ரேட்டர் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத துடைப்பான், கியூட்டிக்கிள் எண்ணெய். சின்ன, கூரான கத்தரிக்கோல் ஒன்றை இந்தத் துணிக்கென்றே ஒதுக்குங்கள். தையல் கத்தரியால் வெட்டினால் ஓரம் பிரிந்து நூல் நூலாக நிற்கும். அப்புறம் ஒரு மாஸ்க். அரத்தில் வரும் தூளில் கண்ணாடியும் கலந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

முதலில் எதில் பழகுவது?

டிப் என்கிற நக வடிவப் பிளாஸ்டிக் துண்டை இருபக்க டேப்பால் ஒரு பென்சில் முனையில் ஒட்டி, அதில் பத்துப் பதினைந்து போட்டுப் பாருங்கள். துணி வெட்டுவது, ரெசினைப் பரப்புவது இரண்டும் அதிலேயே கைவந்துவிடும். டிப் சொல்லித்தராத ஒரே விஷயம் ரெசின் இறுகும்போது வரும் சூடு. அதற்கு ஒரு உயிருள்ள விரல் வேண்டும்.

பிறகு உங்கள் இடது கையில் ஒரே ஒரு நகம். பத்து விரலுக்கும் ஒரே நாளில் போட உட்காராதீர்கள். வலது கைக்காரர்கள் இடது கையால் வலது கைக்குப் போடும்போது ஏழாவது விரலில் பொறுமை போய்விடும், எட்டாவதில் ரெசின் தோலில் வழியும். உண்மையில் நான் முதல் பாடமாகக் கொடுப்பது ஓரத்தில் கிழிந்த ஒரு நகத்தைச் சரிசெய்வதுதான். கிழிசலின் மேல் ஒரு சின்னத் துண்டுத் துணி, இரண்டு பூச்சு, லேசான பஃபிங். அது ஒரு வாரம் நின்றால் முழு நகத்துக்குப் போகலாம். தேயிலைப் பை காகிதத்தைக் கிழித்து ஒட்டி இதே வேலையைச் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். துணி அதைவிட அதிக நாள் நிற்கும்.

நகத்தை எப்படித் தயார் செய்வது? அது அவ்வளவு முக்கியமா?

அதுதான் வேலை. மற்றதெல்லாம் ஒட்டுவது மட்டும்தான்.

கையை சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். நகம் தண்ணீரை உறிஞ்சும். பாத்திரம் துலக்கிவிட்டு வந்து உடனே உட்கார்ந்தால் நகம் ஊறி விரிந்திருக்கும். அந்த நிலையில் ஒட்டினால், அது காய்ந்து பழைய வடிவத்துக்கு வரும்போது ராப் தனியாகக் கிளம்பும். குறைந்தது அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள்.

அடுத்து கியூட்டிக்கிள். தோல் மடிப்பைத் தள்ளுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதன் அடியிலிருந்து வந்து நகத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய சவ்வை ஆரஞ்சுக் குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அது இருந்தால் நீங்கள் நகத்தில் ஒட்டவில்லை, செத்த தோலில் ஒட்டுகிறீர்கள். ரத்தம் வரும் வரை வெட்டுவது வேறு, இது வேறு.

பிறகு 240 எண் ஃபைலால் பளபளப்பு மட்டும் போகும்படி, நகம் வளரும் திசையில், இரண்டு மூன்று தேய்ப்பு. மங்கலாகத் தெரிந்தால் போதும். "நன்றாகப் பிடிக்கட்டும்" என்று அழுத்தித் தேய்த்தால் நகம் இளைத்து, பிறகு எதைப் போட்டாலும் எரியும். தூளைத் துடைத்து, டீஹைட்ரேட்டர் பூசுங்கள். அதன்பின் நகத்தை விரலால் தொடக்கூடாது.

இங்கே என் கதை ஒன்று. தொடக்கத்தில் ஒருவருக்குப் பத்து விரலும் அழகாக முடித்தேன். நான்காம் நாள் ஆறு விரலில் கிளம்பிவிட்டது. எல்லாம் சரியாகத்தானே செய்தோம் என்று யோசித்தால், நடுவில் மூன்று முறை நெற்றியில் விழுந்த என் முடியை ஒதுக்கிவிட்டிருக்கிறேன். காலையில் வைத்த தேங்காய் எண்ணெய் என் விரலிலிருந்து அவர் நகத்துக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து வேலை நாளில் தலைக்கு எண்ணெய் இல்லை.

துணியை எந்த அளவுக்கு வெட்டுவது, எப்படி ஒட்டுவது?

நகத்தைவிடச் சின்னதாக. கியூட்டிக்கிள் பக்கமும் இரண்டு ஓரங்களிலும் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். துணி தோலைத் தொட்டால் அந்த நூல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், அங்கிருந்து பிய்யத் தொடங்கும். நுனிப் பக்கம் மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டு, ஒட்டிய பின் வெட்டுங்கள்.

நகத்தின் அகலத்துக்கு ஒரு நீளப் பட்டை வெட்டி, அடிப்பக்க முனையைக் கியூட்டிக்கிள் வளைவுக்கு ஏற்ப வட்டமாக நறுக்கிக்கொள்ளுங்கள். பின்காகிதத்தைப் பாதி மட்டும் உரித்து, அந்தப் பாதியை வைத்து, பிறகு மீதியை இழுத்தால் கோணாது. வைத்த பிறகு அழுத்த விரலைப் பயன்படுத்தாதீர்கள், எண்ணெய் ஏறும். ஒரு சின்ன பிளாஸ்டிக் தாளை மேலே வைத்து அதன்மேல் அழுத்துங்கள். மடிப்பு விழுந்தால் உரித்து வேறு துண்டு போடுங்கள். ரெசின் மடிப்பைச் சரிசெய்யாது, நிரந்தரமாக்கும்.

நகம் அடிக்கடி உடைகிறவர்களுக்கு இன்னொன்று. இளஞ்சிவப்பு முடிந்து வெள்ளை தொடங்கும் கோடு இருக்கிறதே, நகம் பெரும்பாலும் அங்கேதான் முறியும். முதலில் அந்தக் கோட்டின் மேல் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குறுக்குப் பட்டை ஒட்டி, அதற்கு மேல் முழுத் துணி. ரவிக்கை அக்குளில் உள்ளே ஒரு துண்டு வைத்துத் தைப்பது போலத்தான்.

ரெசின் எவ்வளவு? ஆக்டிவேட்டரை எவ்வளவு தூரத்தில் தெளிப்பது?

ரெசின், நீங்கள் நினைப்பதில் பாதி. நகத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு இழுத்து, பாட்டில் மூக்காலேயே இரண்டு பக்கமும் பரப்புங்கள். தோல் வரை போகவேண்டாம். வெள்ளைத் துணி கண்ணாடியாக மாறுவது கண்ணுக்கே தெரியும். எங்காவது வெள்ளைப் புள்ளி இருந்தால் அங்கே ரெசின் இறங்கவில்லை என்று பொருள், ஒரு துளி கூடத் தொடுங்கள். தோலில் வழிந்தால் ஆக்டிவேட்டருக்கு முன்பே குச்சியால் துடைத்துவிட வேண்டும்.

ஆக்டிவேட்டர் ஒரு அடி தூரத்திலிருந்து, ஒரே ஒரு மெல்லிய தெளிப்பு. பக்கத்தில் வைத்து அடித்தால் ரெசின் ஒரே நொடியில் இறுகி, அப்போது வரும் சூடு நகத்துக்கடியில் தீக்குச்சி வைத்தது போலச் சுரீரென்று இருக்கும். நகமும் கெடும், பூச்சிலும் குமிழிகள் வரும். மெல்லிய நகத்துக்கு இன்னும் கவனம் தேவை. எதிரில் இருப்பவர் கையை வெடுக்கென்று இழுத்தால் அது உங்கள் தவறு, அவர் கூச்சம் இல்லை.

முதல் பூச்சு, தெளிப்பு. நுனியை வெட்டிச் சீராக்குதல். இரண்டாவது பூச்சு, இந்தமுறை நகத்தின் முனை விளிம்பையும் மூடும்படி, தெளிப்பு. தேவைப்பட்டால் மூன்றாவது. பிறகு 240 ஃபைல், பஃபர். துணி வரை தேய்த்துவிட்டால் மேலே சொரசொரப்பாக நூல் கிளம்பும். அங்கே மறுபடி ஒரு பூச்சு. கடைசியாகக் கையைக் கழுவி எண்ணெய் தடவுங்கள்.

மேலே வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

ரெசினின் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து மேலே படிவது அது. கடற்கரை ஊர்களில், மழைக்காலத்தில் இது சகஜம். சயனோஅக்ரிலேட் ஈரத்தால்தான் இறுகுகிறது, அதனால் புழுக்கமான நாளில் அது உங்களுக்காகக் காத்திருக்காது. பூச்சை இன்னும் மெல்லியதாக்கி, ஒரு நேரத்தில் ஒரு விரலை முடியுங்கள். ஏசி இருந்தால் முன்கூட்டியே போட்டு அறையை உலர வைக்கலாம். படிந்த வெள்ளை பெரும்பாலும் பஃபரில் போய்விடும்.

இரண்டு வாரத்தில் அடியில் இடைவெளி தெரிகிறது. கழற்றிவிட வேண்டுமா?

அது நகம் வளர்ந்த இடைவெளி. மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். இரண்டாவது வாரம் அந்த இடத்தை லேசாகத் தேய்த்து ரெசின் மட்டும் நிரப்பினால் போதும். நான்காவது வாரம் புதிதாக வளர்ந்த பகுதிக்கு ஒரு துண்டுத் துணியும் ரெசினும் சேர்க்க வேண்டும்.

ஓரம் கிளம்பியிருந்தால் கதை வேறு. கிளம்பிய பகுதியை அரத்தால் எடுத்துவிட்டு, உலர்த்திய பிறகே நிரப்புங்கள். மேலே பசை ஊற்றி மூடினால் உள்ளே ஈரம் தங்கி, பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகும். பச்சை தெரிந்தால் கழற்றிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள், அதன்மேல் எதையும் போடாதீர்கள்.

கழற்றுவது எப்படி?

பஞ்சை அசிட்டோனில் நனைத்து நகத்தில் வைத்து அலுமினியத் தாளால் சுற்றுங்கள், அல்லது சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறவிடுங்கள். சுற்றிலும் தோலில் வாசலின் தடவினால் வறளாது. பதினைந்து, இருபது நிமிடத்தில் கூழாகும். குச்சியால் மெதுவாகத் தள்ளுங்கள். வராவிட்டால் இன்னும் ஊறட்டும். நெம்பினால் சொந்த நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வரும். "ராப் போட்டு நகம் கெட்டுப்போச்சு" என்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் டிவி பார்த்துக்கொண்டே பிய்த்தவர்களாக இருப்பார்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பும் சாமி விளக்கும் எரியும் இடத்தில் வேண்டாம்.

மேலே பாலிஷ் போடலாமா? மருதாணி?

தாராளமாக. பாலிஷை எடுக்கும்போது மட்டும் அசிட்டோன் இல்லாத ரிமூவர் வாங்குங்கள், இல்லாவிட்டால் ராப்பும் கரையும். பாலிஷ் இல்லாமல் வெறுமனே விட்டால் சாம்பாரும் மஞ்சளும் நிறம் ஏற்றும், கையால் சாப்பிடுகிற நமக்கு ஒரு டாப் கோட் அவசியம். மருதாணிச் சிவப்பின் மேல் ராப் போடலாம், சிவப்பு அப்படியே தெரியும். ஆனால் நிறம் பிடிக்க நீலகிரித் தைலம் தடவியிருந்தால் அன்றைக்குத் தொடாதீர்கள்.

யாருக்குப் போடக்கூடாது?

நகத்தில் பூஞ்சை, சுற்றிலும் வீக்கம், வெட்டுக்காயம் இருப்பவர்களுக்கு வேண்டாம். போட்ட பிறகு விரல் நுனி அரித்தாலோ, கண்ணிமை தடித்துச் சிவந்தாலோ ஒவ்வாமையாக இருக்கலாம். கழற்றுங்கள், மறுபடி முயற்சி செய்யாதீர்கள். நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கிறவர்கள் செயற்கை நகம் வைக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009 கைச் சுகாதார வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது, எனவே நர்ஸ்கள் ஆசைப்பட்டாலும் நான் போடுவதில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் முன்பே கழற்றிவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு வெறும் நகம்தான் நல்லது.

விரலோடு விரல் ஒட்டிக்கொண்டால்? துணியில் சிந்தினால்?

ஒட்டிய விரலை இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, உருட்டி உருட்டிப் பிரியுங்கள். தோலில் கொஞ்சம் அசிட்டோனும் உதவும், ஆனால் முகத்துக்கு அருகில் கூடாது.

பருத்தித் துணியில் சிந்துவதுதான் பலருக்குத் தெரியாத ஆபத்து. இந்தப் பசை பருத்தியில் பரவினால் வேகமாக இறுகி, புகை வரும் அளவுக்குச் சூடாகி, அடியிலிருக்கும் தோலைப் பொசுக்கிவிடும். மடியில் காட்டன் நைட்டியோடு உட்கார்ந்து பாட்டிலைத் திறக்காதீர்கள். மேசையில் வைத்துச் செய்யுங்கள். சிந்தியதைப் பஞ்சால் ஒற்ற வேண்டாம். உடுத்திய துணியில் கொட்டிவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள், தோலில் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே கண் டாக்டரிடம். இமையைப் பிரிக்க முயல வேண்டாம். கண் சொட்டு மருந்தும் இந்தப் பாட்டிலும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

பாட்டில் மூக்கு அடைத்துக்கொண்டது. புதிது வாங்க வேண்டுமா?

வேண்டாம், மூக்கை மட்டும் கழற்றி அசிட்டோனில் போட்டு வையுங்கள். ஆக்டிவேட்டர் தெளிக்கும்போது ரெசின் பாட்டிலைத் திறந்தபடி பக்கத்தில் வைத்திருந்திருப்பீர்கள், அந்தத் தூறல் போதும் அடைக்க. இரண்டையும் மேசையின் இரண்டு மூலையில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கிறவர்கள் வெளியே எடுத்ததும் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து மொத்தப் பாட்டிலும் கட்டியாகிவிடும்.